வண்டிப்பாதை இல்லை என்று சொன்னேன்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். போன பொங்கல் லீவில் வந்திருந்தபோது தம்பி கேட்டான்: "சபை மாமா வீட்டுக்கு நாங்க எல்லாரும் போறோம், நீங்க மட்டும் ஏன்ப்பா வர மாட்டேங்கீக?" உங்கள் அம்மா அடுப்படியில் ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஷிப்டே கிடையாது. வெம்பக்கோட்டை அணைக்கட்டுக் கரையில் மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். அந்த மனுசர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நான்தான் அவருக்குச் செய்தேன். காரணம் பொறாமை. இதற்குக் கொஞ்சம் மரியாதையான வேறு வார்த்தை கிடைக்குமா என்று நாலு நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை.

சபைக்காரர்களை நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்கள்தான். ஆனாலும் நாளைக்கு உங்கள் பிள்ளைகள் படித்தாலும் விளங்கட்டும் என்று கொஞ்சம் எழுதுகிறேன். ஊருக்குத் தெற்கே முப்பது வீடு இருக்கும். எல்லாரும் வெள்ளைதான் உடுத்துவார்கள். பெண்கள் காதில், கழுத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது. வீட்டில் டிவி கிடையாது. என்ன தகராறு வந்தாலும் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போக மாட்டார்கள். சத்தியம் பண்ணச் சொன்னால், "அதான் சொல்லிட்டோமே" என்பார்கள். எல்லாவற்றையும்விட அதிசயம், பட்டாசு வேலைக்குப் போக மாட்டார்கள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்தால் நம் தெருவே தூக்குவாளியோடு ஓடும். அந்த முப்பது வீட்டில் இருந்து மட்டும் ஓர் ஆள் ஏறாது. அவர்கள் மண்வெட்டியோடு காட்டுக்குப் போவார்கள்.

செல்போன் வந்த புதிதில் முப்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரு போன்தான் வாங்கினார்கள். அது ஜெபக் கொட்டகையில், ஆணியில் ஒரு துணிப்பைக்குள் தொங்கும். யாருக்காவது போன் வந்தால் ஒரு பிள்ளை ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். டீக்கடையில் சொல்லிச் சிரிப்போம்: "கர்த்தரே கூப்புட்டாலும் ஆளு வந்து எடுக்க அர மணி நேரம் ஆகும்லே."

அந்தப் போனைப் பார்த்து நான் சிரித்தேன். ஆனால் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அதில் வரும் வாரத்து வேலையை எழுதுவார்கள். திங்கள் இன்னார் காட்டில் களை, செவ்வாய் இன்னார் வீட்டுக் கூரை, புதன் இன்னார் கிணறு தூர் வாருவது. எழுதியாகிவிட்டால் எல்லார் வீட்டிலிருந்தும் ஆள் போகும். கூலி கிடையாது. சாப்பாடு மட்டும் அந்த வீட்டில்.

நம் காடு மூன்று ஏக்கர், தார் ரோட்டை ஒட்டி. நமக்குப் பின்னால் உங்கள் சபை மாமா காடு இரண்டு ஏக்கர், அதில் ஒரு கிணறு. அவருக்கும் பின்னால் ஓடை. என்னைவிட அவர் இரண்டு வயது இளையவர், ஒரே பள்ளிக்கூடம். என்னை அண்ணாச்சி என்பார். அவர்களுக்குள் பிரதர் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு அண்ணாச்சி.

பொறாமை எந்த நாளில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அந்த வருசம் இரண்டு பேருமே மிளகாய் போட்டிருந்தோம். நல்ல காய்ப்பு. பழம் செடியில் சிவந்து நிற்கிறது, பறிக்க ஆள் இல்லை. நானும் உங்கள் அம்மாவும் தெருத்தெருவாக அலைந்து பார்த்தோம். "அண்ணாச்சி, அங்கன நெழல்ல உக்காந்து திரி சொருகுனா வாரச் சம்பளம். உங்க வெயில்ல யாரு வந்து குனியுறது?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் இரண்டு பேருமாகப் பறித்தோம். நாலு சால் முடிப்பதற்குள் இடுப்பு கழன்றது.

மறுநாள் காலை பக்கத்துக் காட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். வெள்ளை வெள்ளையாக நாற்பது பேர். பதினோரு மணிக்கெல்லாம் பாதிக் காட்டை முடித்துவிட்டார்கள். ஒருவரும் அதட்டவில்லை, ஒருவரும் விரட்டவில்லை. ஏதோ ஒரு பாட்டை மெதுவாக முனகிக்கொண்டே பறித்தார்கள். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நேரம் நான் எதையும் பார்த்ததில்லை.

சாப்பாட்டு நேரம் கழித்து அவர் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு நம் வரப்புக்கு வந்தார்.

"அண்ணாச்சி, எங்களுக்கு முடிஞ்சிருச்சு. பொழுது கெடக்கு. உங்களுக்கு ரெண்டு சாலு பறிச்சுத் தாரோம்."

"கூலி எம்புட்டு?"

"கூலியா? என்ன அண்ணாச்சி நீங்க."

"கூலி இல்லைன்னா வேண்டாம்ப்பா. எங்களுக்கு ஓசியில வேலை வாங்கிப் பழக்கமில்ல."

உங்கள் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னையே பார்த்தாள். அவர் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு "சரி அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் மழை பெய்தது. நம் மிளகாய் செடியிலேயே வெளுத்துச் சொத்தையாகிப் போனது. கமிஷன் கடைக்காரர் கையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சாக்கிலேயே போட்டார்.

அன்றைக்கு உங்கள் அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "பேசாம நம்மளும் வெள்ளைச் சேலை எடுத்துக் கட்டிக்கிட வேண்டியதுதான்." கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. அன்றிலிருந்து அவர் காட்டில் எத்தனை தலை தெரிகிறது என்று எண்ணுவது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

இன்னொன்று, நீங்கள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே அந்த வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அங்கே கம்பங்கூழும் மோர் மிளகாயும்தான். நம் வீட்டில் நான் பாடுபட்டு அரிசிச் சோறு போட்டேன். ஒரு நாள் பாப்பாவைக் கேட்டேன், "அங்கன அப்படி என்னதான் இருக்கு?" நீ தலை பின்னிக்கொண்டே சொன்னாய்: "அந்த வீட்ல யாருமே கத்த மாட்டாகப்பா."

உனக்கு அப்போது எட்டு வயது. யாரையும் குத்திக்காட்டத் தெரியாத வயது. அதனால்தான் அது அப்படிக் குத்தியது.

இந்த நேரத்தில்தான் புரோக்கர் மோட்டார் சைக்கிளில் வர ஆரம்பித்தார். பட்டாசுக் கம்பெனிக்கு இடம் நிறைய வேண்டும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இவ்வளவு தூரம் விட வேண்டும் என்று சட்டம். அதனால் கட்டடம் பத்துச் சென்டில் இருந்தாலும் சுற்றிச் சும்மா கிடக்க ஏக்கர் கணக்கில் நிலம் கேட்பார்கள். விஸ்வநத்தம் பக்கமெல்லாம் வாங்கி முடித்து எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு புஞ்சையில் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நிற்கும்.

புரோக்கர் அவரிடமும் கேட்டார். அவர் சபையில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தார்கள், இருட்டும் முன்னால் எழுந்துவிட்டார்கள். கொடுப்பதில்லை. முப்பது வீடும் கொடுப்பதில்லை. அவ்வளவுதான் விசயம்.

நான் யாரிடம் கேட்க? உங்கள் பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "வித்துத் தொலைக்க வேண்டியதுதானலே. அத வச்சு என்ன வாழ்ந்துட்ட?" என்றார். உங்கள் தாய்மாமாவிடம் கேட்டேன், விற்றால் தனக்கு ஒரு வண்டி வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து நானே முடிவு செய்தேன். விற்றதற்கு நான் வருத்தப்படவில்லை. உங்கள் படிப்பு அதில் வந்தது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலையும் தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு முப்பது வீடு கூட இருந்தது, சரி என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை. அந்த எரிச்சலோடுதான் பத்திர ஆபீசுக்குப் போனேன்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விசயம் சொல்ல வேண்டும். அவர் காட்டுக்கு ரோட்டிலிருந்து போக வேறு வழியில்லை. நம் காட்டின் தெற்கு ஓரமாக ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குப் பாதை விட்டிருந்தோம். அது என் அய்யா காலத்தில் விட்டது. அவருடைய அப்பா கிணறு வெட்டும்போது வந்து கேட்டார், என் அய்யா சரி என்றார். "ஒரு தாள்ல எழுதிக்கிடுவமா? நாளைக்குப் பிள்ளைக காலத்துல வம்பு வரக்கூடாதுல்ல" என்று கேட்டதும் என் அய்யாதான். அதற்கு அவருடைய அப்பா, "எதுக்கு? நீங்கதான் சொல்லிட்டீகள்ல" என்றார். நான் அங்கேதான் நின்றேன். என் காதால் கேட்டேன். தாளில் எழுதினால் சொன்ன வார்த்தையை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். அப்படி ஒரு வழக்கம் அவர்களுக்கு. வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கே எழுதி வாங்கியிருப்பான்.

பத்திரம் எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இந்தச் சொத்துல வேற யாருக்கும் நடைபாதை, வண்டிப்பாதை, கிணத்துப் பங்கு ஏதும் உண்டா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால வம்பு வந்துரக் கூடாது."

"வராது. அவுக கோர்ட்டுக்குப் போற ஆளுக இல்ல."

அவர் நிமிர்ந்தார். "அவுகன்னா யாரு?"

"யாரும் இல்ல. நீங்க எழுதுங்க."

உங்கள் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். என் முழங்கையைத் தொட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். பாதை உண்டு என்று சொல்லியிருந்தால் கம்பெனி அந்த ஓரத்தை விட்டுவிட்டு வேலி போட்டிருக்கும். புரோக்கர் என்னை மறைக்கச் சொல்லவில்லை. எனக்கு அதில் லாபமும் இல்லை. அந்த மனுசர் வாழ்நாளில் ஒரு தடவையாவது தனியாக நிற்க வேண்டும், கையைப் பிசைந்துகொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்க வேண்டும், நான் அதைப் பார்க்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு மாதத்தில் வேலி வந்தது. கேட் வந்தது. காக்கிச் சட்டையோடு நான் கேட்டில் நின்றேன். வேலி வேலை நடந்துகொண்டிருந்த நாளெல்லாம் அவர் வண்டி வரவில்லை. அந்தப் பக்கம் விதைப்பு இல்லாத நேரம். வேலி போட்ட மறுவாரம் எரு ஏற்றிக்கொண்டு வந்து ரோட்டோரம் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, காக்கிச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்கு."

"உள்ள வண்டி போகக் கூடாதுப்பா."

"ஓரமாத்தான் போவேன். நம்ம பாதையிலதான்."

"பாதைல்லாம் பத்திரத்துல இல்ல."

அவருக்கு அது விளங்கவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது. அதற்குள் போர்மேன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "யோவ், வண்டியப் பின்னால எடுய்யா! சக்கரத்துல இரும்புப் பட்டா போட்டுருக்கு. கல்லுல உரசி ஒரு பொறி பறந்துச்சுன்னா உள்ள அம்புட்டுப் பேரும் சாம்பல். வாட்ச்மேன், நீரு என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கீரு?"

"அப்படியா சார்? எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கோங்க" என்றார் அவர். எரு வண்டியை ரோட்டில் பின்னால் தள்ளித் திருப்புவது லேசான காரியமில்லை. மாடு மிரண்டது. மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க நான் ஓர் எட்டு எடுத்து வைத்தேன். அதற்குள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த சபைக்காரர் ஒருவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து பிடித்துவிட்டார். "வாங்க பிரதர், மெதுவா, மெதுவா." இரண்டு பேருமாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர் தனியாக நின்றது ஒரு நிமிசம்கூட இருக்காது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் இரண்டு பேரும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள், மாமா மாமா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தீர்கள். நான் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. உங்கள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"அண்ணாச்சி, என்மேல உங்களுக்கு ஏதும் வருத்தம் உண்டா? இருந்தா சொல்லிருங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், பிடிபடல."

"எனக்கென்ன வருத்தம்? கம்பெனிக்காரன் வேலி போட்டா நான் என்ன செய்ய?"

"பத்திரத்துல பாதை இருக்கான்னு உங்ககிட்டதான் கேட்டாகளாம். போர்மேன் சொன்னாரு."

"மறந்து போச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"சரி அண்ணாச்சி. மறந்துட்டேன்னு நீங்க சொன்னாச் சரிதான்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அடங்கவில்லை. "கேஸ் போடேன்ப்பா. நானே வந்து சாட்சி சொல்றேன்" என்றேன்.

"நாங்க அங்கெல்லாம் போறதில்லையே அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா."

தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். நீங்கள் இரண்டு பேரும் தெருமுனை வரை அவர் பின்னாலேயே ஓடினீர்கள்.

அவர் போன பிறகு உங்கள் அம்மா சொன்னாள். அவர் மனைவி அவளிடம் எப்போதோ சொன்னதாம். சபையில் ஒருவர் மற்றவருக்குத் தப்புச் செய்துவிட்டால் அதை யாரிடமும் பேசக் கூடாது. முதலில் தனியாக அந்த ஆள் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். தீரவில்லையென்றால் இரண்டு பேரைக் கூட்டிப் போக வேண்டும். அதிலும் தீராவிட்டால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். "ஆனா அது அவுகளுக்குள்ள மட்டும்தானாம். வெளியாளு வீட்டுக்கு அப்படிப் போறது கெடையாதாம். உங்ககிட்ட வந்துருக்காக" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எந்தக் கூட்டத்தைப் பார்த்து நான் மூன்று வருசமாக வெந்துகொண்டிருந்தேனோ, அதில் ஓர் ஆளாக என்னை வைத்துத்தான் அவர் நம் வீட்டுப் படி ஏறியிருக்கிறார். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு மறந்து போச்சு என்றேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தால் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தேன். வரவில்லை. மறந்து போச்சு என்று நான் சொன்னேன், அவர் நம்பிவிட்டார். அவரைப் பொறுத்தவரை விசயம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

அந்த வருசம் அவர் காட்டு மிளகாய் எப்படி வெளியே வந்தது என்று கேட்டில் நின்று பார்த்தேன். ஓடைக்குள் இறங்கினால் முழுக்கச் சீமைக்கருவேல். ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். அதற்குள் புகுந்து, ஓடைக்கரை ஏறி, சுற்றி வந்து ரோட்டில் சேர வேண்டும். வெள்ளைச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக வரிசையாக வந்தார்கள், ஒவ்வொரு தலையிலும் ஒரு சாக்கு. வயதான ஓர் அம்மா சின்ன மூட்டையாக வைத்திருந்தார். கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சேலை முழுக்க முள் கிழித்த கிழிசல்.

நியாயமாக எனக்கு அன்றைக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது பழையதுதான். எனக்கு ஒரு சாக்கைத் தூக்கிவிட இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். நானே அடைத்த வழியில் நடந்து வருகிறவர்களைப் பார்த்தே பொறாமைப்பட்டேன் என்றால் நீங்கள் நம்புவீர்களோ என்னவோ.

இரண்டு வருசம் இப்படிப் போனது. கிணற்று மோட்டார் பழுதானால் நாலு பேர் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். எரு கொண்டுபோக வழியில்லை. மாட்டை விற்றார். சபையிலும் பேச்சு வந்துவிட்டது. ஒரு வீட்டு வேலைக்கு இரண்டு நாள் போகிறது, மற்றவர்கள் காடு பின்னால் விழுகிறது. குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் தருகிறோம், அந்தக் காட்டை விட்டுவிடுங்கள் என்று பெரியவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். புரோக்கரும் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "பாதை இல்லாத காட்ட வேற எவன் வாங்குவான்? குடுக்குறத வாங்கிக்கோங்க" என்று கேட்டில் நின்றே அவரிடம் சொன்னார். அவர் அப்பா வெட்டிய கிணறு. இன்னும் ஒரு வெள்ளாமை பார்க்கிறேன், வழி சரிப்படவில்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்று சபைக்குச் சொல்லிவிட்டதாக உங்கள் அம்மா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போர்மேனிடம் ஒரு தடவை பேசிப் பார்த்தேன். "சார், அந்தத் தெக்கு ஓரத்துல ஒரு பாதை இருந்துச்சு" என்றேன். "இருந்துச்சுன்னா? எழுதிக் குடுத்தது நீருதான? இப்ப அங்கன மருந்து ரூம் கட்டியாச்சு. உம்ம வேலையப் பாரும்" என்றார். அந்தப் பக்கம் அவ்வளவுதான்.

நீங்கள் இப்போது லீவுக்கு வரும்போது மாமா மறுபடி மாடு வாங்கிப் பூட்டிய வண்டியில் அவரோடு போய் வருகிறீர்களே, அந்த ஓடைப்பாதை, அதைச் சபைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கரும்பலகையில் எழுதிப் போட்டு ஒரே வாரத்தில் வெட்டித் திறந்தார்கள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். முக்கால்வாசிக்கு மேல் அவர்கள் வெட்டியதுதான். அவர் காட்டை விடவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். பலகையில் அதை எழுதுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது மட்டும் உங்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குக் கம்பெனி லீவு. சபைக்காரர்கள் எல்லாரும் கொட்டகையில் இருப்பார்கள், மத்தியானம் வரை ஒருவரும் காட்டுப் பக்கம் வர மாட்டார்கள். அரிவாளையும் ஒரு கவைக்கம்பையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். கொட்டகையிலிருந்து பாட்டுச் சத்தம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. சீமைக்கருவேலை அடியில் வெட்ட வேண்டும், கிளையில் வெட்டினால் மறு மழைக்கு இரண்டு மடங்காக வரும். குனிந்து குனிந்து வெட்டினேன். வெட்டியதைக் கவைக்கம்பால் தள்ளி ஓரமாகச் சேர்த்தேன். செருப்பைத் தாண்டி ஒரு முள் குதிகாலில் ஏறியது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி குனிந்தேன். இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தேன், ஒரு வண்டிக்குக் காணாது. இன்னும் ஒரு முழம் தள்ளி வெட்டினேன்.

கரையிலிருந்து முதல் வளைவு வரைதான் என்னால் முடிந்தது. நாளைக்கு வந்து பார்க்கிறவர்கள் தங்கள் ஆள் யாரோ செய்திருக்கிறார் என்று நினைப்பார்கள், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், என் பெயர் அதில் வராது என்று நினைத்தபோது அங்கேயும் எனக்கு எரிந்தது. பாட்டு நின்றுவிட்டது. ஆட்கள் வெளியே வருகிற நேரம். வண்டிச் சக்கரம் ஏறுவதற்குத் தோதாகக் கரைச் சரிவில் நாலு கல்லை உருட்டிப் போட்டு, மண்ணை அணைத்துக் காலால் மிதித்தேன். அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கரையின் மறுபக்கமாக இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.